ஜெபத்துக்குப் பதில் தாமதிக்கும்போது: விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வரும்போது வேலை கிடைத்தவர் எழுந்து நிற்கிறார். திருமணம் கூடிவந்த குடும்பம் எழுந்து நிற்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் கண்ணீரோடு நன்றி சொல்கிறார். இன்னும் எதுவும் கிடைக்காதவர்கள் அதே வரிசைகளில் அமர்ந்து மற்றவர்களோடு சேர்ந்து "அல்லேலூயா" சொல்கிறார்கள். அவர்களுக்கென்று ஆராதனை முறையில் ஒரு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. இதைச் சில மாதங்கள் பார்க்கும் புதியவருக்கு, ஜெபித்த எல்லாருக்கும் பதில் வந்துவிட்டது, தனக்கு மட்டுமே வரவில்லை என்ற எண்ணம் வருவது இயல்பு.

வேதாகமத்தைத் திறந்து பார்த்தால் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. வாக்குத்தத்தத்தின் பிள்ளையாகிய ஈசாக்கு பிறந்தபோது 100. அந்த ஈசாக்கு ரெபெக்காளை மணந்தபோது வயது 40. மனைவிக்குப் பிள்ளையில்லாததால் அவர் கர்த்தரை நோக்கி வேண்டுதல் செய்தார், கர்த்தர் கேட்டருளினார் என்று ஆதியாகமம் 25ஆம் அதிகாரம் ஒரே வசனத்தில் சொல்லி முடிக்கிறது. ஐந்து வசனங்கள் தள்ளி, இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது ஈசாக்குக்கு 60 வயது என்று வருகிறது. ஒரு வசனத்துக்குள் இருபது ஆண்டுகள் அடங்கிக் கிடப்பதை வேகமாக வாசிப்பவர் கவனிப்பதில்லை.

ஆகவே காத்திருப்பது விசுவாச வாழ்க்கையின் வழக்கமான பகுதிதான். ஆனால் அந்தக் காலத்தில் என்ன செய்யவேண்டும் என்பதைப் புதியவர்களுக்கு யாரும் வரிசையாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. "பொறுமையாயிருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காத்திருக்கும் காலத்துக்கென்று வேலைகள் இருக்கின்றன என்பதும், அவற்றைச் செய்கிறவருக்கு எவரும் குறித்துக்கொடுக்கும் தேதி தேவைப்படாது என்பதும் என்னுடைய உறுதியான எண்ணம். அந்த வேலைகளைக் கூடியவரை செய்யவேண்டிய வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

எதைக் கேட்கிறீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள்

ஒரு குறிப்பேட்டை எடுத்து, உங்கள் வேண்டுதலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "என் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்பது நல்ல ஜெபம்தான். ஆனால் அதற்குப் பதில் வந்ததா, வரவில்லையா என்று பிற்பாடு யாராலும் சொல்ல முடியாது. "என் தம்பி குடியை விடவேண்டும்", "இந்த ஆண்டுக்குள் கடன் தீரவேண்டும்" என்பதுபோலத் திட்டமாக இருக்கட்டும். அதன் கீழே, அதை ஏன் கேட்கிறீர்கள் என்று இன்னொரு வரி. மூன்றாவதாக, அது கிடைக்காவிட்டால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்று ஒரு வரி. இந்த மூன்றாவது வரியை எழுதத்தான் பலருக்குக் கை வராது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் வரியும் இரண்டாம் வரியும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதற்குச் சபை வரலாற்றில் மோனிக்கா நல்ல உதாரணம். வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தத் தாய், வேறு மார்க்கத்தில் சென்றுவிட்ட தன் மகன் அகுஸ்தீனுக்காகப் பல ஆண்டுகள் அழுது ஜெபித்தார். மகன் கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து ரோமுக்குக் கப்பலேறப்போகிறான் என்று தெரிந்தபோது, அவன் போகக்கூடாது என்று இரவு முழுவதும் ஜெபித்தார். மகன் அன்றிரவே தாயை ஏமாற்றிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். ஆனால் அந்தப் பயணம்தான் அவரை மிலானுக்கும், அங்கே ஆயராக இருந்த அம்புரோஸிடமும் கொண்டுசேர்த்தது. 387ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பெருவிழாவில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார், அதே ஆண்டில் மோனிக்கா இறந்தார். தன் தாய் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைச் செய்வதற்காக, அன்று கேட்டதைக் கடவுள் கொடுக்கவில்லை என்று அகுஸ்தீன் பின்னாளில் எழுதினார். மறுக்கப்படும் எல்லா வேண்டுதலுக்கும் இப்படி ஒரு விளக்கம் கிடைத்துவிடாது. ஆனாலும், கேட்கும் பொருளையும் அதற்குப் பின்னாலுள்ள ஏக்கத்தையும் பிரித்து எழுதிவைத்திருந்தால், பதில் வேறு வழியில் வரும்போது அடையாளம் காண்பது எளிதாகும்.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாவ மன்னிப்பைக் கேட்டுவிட்டு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்று யோவானின் முதல் நிருபம் நேரடியாகச் சொல்கிறது. வேலை, திருமணம், பிள்ளைப்பேறு, சுகம் ஆகியவற்றை இன்னாருக்கு இன்ன நாளில் தருவேன் என்று அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. இவற்றைத் தயங்காமல் கேட்கலாம், மன்றாடலாம். ஆனால் கெத்செமனேயில் இயேசுவே கேட்டதுபோல, "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்ற சொல்லோடு கேட்கவேண்டும்.

தினமும் ஜெபிக்க ஒரு வடிவம்

மூன்றாம் வாரம் ஆகும்போது சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. சொன்னதையே சொல்கிறோமே, அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று இயேசு சொன்னாரே என்ற சந்தேகம் அப்போது வரும். அங்கே அவர் கண்டித்தது, அதிக வசனிப்பினால் கேட்கப்படுவோம் என்ற நினைப்பை. ஒரே வேண்டுதலைத் திரும்பச் சொல்வதை அல்ல என்பதற்கு அவரே சாட்சி: கெத்செமனேயில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார்.

வடிவம் வேண்டுமென்றால் 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறே வசனங்கள். முதல் இரண்டும் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அடுத்த இரண்டும் வேண்டுதல்: என்னை நோக்கிப்பாரும், எனக்குச் செவிகொடும். கடைசி இரண்டும் நம்பிக்கை. இந்த மூன்று பகுதிகளையும் உங்கள் சொந்தச் சொற்களில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். புதியவர்கள் பெரும்பாலும் முதல் பகுதியை விட்டுவிடுகிறார்கள், கடவுளிடம் குறை சொல்வது அவிசுவாசம் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வேதாகமத்தின் ஜெபப் புத்தகமே அப்படிக் குறைசொல்கிறது என்பதை அவர்களுக்குத் தயவாக நினைவூட்டலாம். மூன்றாவது பகுதியைச் சொல்ல மனம் வராத நாள்களும் உண்டு. அன்றைக்கு 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது எந்த ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அப்படியே வேதத்தில் இடமும் பெற்றிருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தவர்களின் கதைகளைக் கேட்டு மிரளவேண்டாம். பேருந்துக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம், ஒரே இடம், ஒரே நேரம் என்றிருந்தால் போதும். கத்தோலிக்கச் சபையில் இருப்பவர்களுக்கு நவநாள் என்ற ஆயத்த வடிவம் இருக்கிறது. இயேசு விண்ணேறியபின் பெந்தெகொஸ்தே நாள்வரை சீடர்கள் எருசலேமில் கூடிக் காத்திருந்ததிலிருந்து வந்தது அது. ஒன்பது நாள் என்பது ஜெபிப்பவருக்கு ஓர் ஒழுங்கு. பத்தாம் நாள் பதில் வந்தாகவேண்டும் என்று கடவுளுக்கு விதிக்கப்பட்ட கெடுவாக அதை எடுத்துக்கொள்ளக்கூடாது.

குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், வேண்டுதல்களையும் பதில்களையும் இப்படித்தான் எழுதிவைத்தார். 1844 நவம்பரில் ஐந்து பேர் மனந்திரும்பவேண்டும் என்று அவர் ஜெபிக்கத் தொடங்கினார். முதலாமவர் திரும்ப ஒன்றரை ஆண்டு ஆயிற்று, அடுத்த இருவருக்கு அதைவிடப் பல ஆண்டுகள் ஆயின, மீதி இருவருக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் ஜெபித்துக்கொண்டேயிருந்தார். அவருடைய பதில்களை மட்டும் பிரசங்கங்களில் கேட்கிறோம். இந்த ஆண்டுக்கணக்கும் அதே குறிப்புகளில்தான் இருக்கிறது.

கையிலுள்ள வேலையைச் செய்யுங்கள்

இதுவே காத்திருக்கும் காலத்தின் பெரும்பகுதி, ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்துகிடக்கிறது என்ற செய்தி, பெர்சிய ராஜாவிடம் பணிசெய்த யூதராகிய நெகேமியாவுக்குக் கிஸ்லே மாதத்தில் வந்தது. அவர் அழுது, உபவாசித்து, ஜெபித்தார். ராஜாவிடம் பேசும் வாய்ப்பு நிசான் மாதத்தில்தான் கிடைத்தது. இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள். "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்டவுடன் அவர் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: எவ்வளவு காலம் தேவை, நதிக்கு அப்பால் உள்ள தேசாதிபதிகளுக்கு எத்தகைய கடிதங்கள் வேண்டும், மரம் கொடுக்க வனக்காவலனாகிய ஆசாப்புக்கு ஏன் ஒரு கடிதம் வேண்டும் என்று அத்தனையும் தயாராக இருந்தது. நான்கு மாதம் ஜெபித்த மனிதர் அதே நான்கு மாதமும் திட்டம் போட்டிருக்கிறார் என்பது அந்தப் பதிலிலிருந்து தெரிகிறது. வேலைக்காக ஜெபிப்பவர் தன்விவரக் குறிப்பைத் திருத்தவேண்டும், விண்ணப்பம் அனுப்பவேண்டும், நேர்முகத் தேர்வுக்குப் படிக்கவேண்டும். கடன் தீர ஜெபிப்பவர் எவருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதி, வீட்டிலுள்ளவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

நோய்க்காக ஜெபிப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் "விசுவாசித்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் இருந்தபோது, உன்னைக் குணமாக்குவேன், உன் நாட்களோடு 15 ஆண்டுகளைக் கூட்டுவேன் என்று கர்த்தர் ஏசாயா தீர்க்கதரிசி மூலமாகச் சொன்னார். அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின் (கட்டியின்) மேல் பற்றுப்போட வைத்தார். தெளிவான வாக்குக் கிடைத்த ராஜாவுக்கே மருந்து வேண்டியிருந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் ஆகியவற்றுக்கு எடுக்கும் மருந்தை ஜெபத்தின் பெயரால் நிறுத்தாதீர்கள். குணமானதாகத் தோன்றினால், நிறுத்தலாமா என்பதை மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும்.

இனி, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அதிகமாக இடம்பெறும் வசனங்களில் ஒன்றுக்கு வருவோம். எரேமியா 29:11, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுக்கும்படிக்குக் கர்த்தர் உங்கள்பேரில் கொண்டிருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவைகள் என்று சொல்கிறது. அதற்கு முந்தின வசனம் அட்டையில் வருவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் இது. வாசித்தவர்களில் பலர் திரும்பி வருமுன்னே இறந்துபோயிருப்பார்கள். அந்த எழுபது ஆண்டும் என்ன செய்வது என்பதையும் கடிதமே சொல்கிறது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பெண்களை விவாகம்பண்ணிப் பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். பதில் வந்தபிறகு வாழத் தொடங்கலாம் என்று எதையும் தள்ளிப்போட வேண்டாம் என்பதே இதன் பொருள். பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்த்துக்கொண்டேயிருப்பதும், வெளிநாட்டு வேலைக்காகக் காத்திருப்பவர் உள்ளூரில் கிடைத்த வேலையை அரைமனதாகச் செய்வதும் இந்தக் கடிதத்துக்கு எதிரான வாழ்க்கை.

முந்திக்கொள்வதும் முயல்வதும்

உழைப்பது எங்கே முடிகிறது, கடவுளை முந்திக்கொண்டு ஓடுவது எங்கே தொடங்குகிறது என்பது புதியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஆபிரகாமும் சாராளும் தங்கள் அடிமைப்பெண்ணாகிய ஆகாரைக் கொண்டு பிள்ளை பெற ஏற்பாடு செய்தார்கள். கில்காலில் ஏழு நாள் காத்திருந்த சவுல் ராஜா, தான் வரும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்த சாமுவேல் தீர்க்கதரிசி வரவில்லை என்று தானே சர்வாங்க தகனபலியைச் செலுத்திவிட்டார். நெகேமியாவின் முயற்சிக்கும் இவற்றுக்கும் வேறுபாடு, செயலின் வேகத்தில் இல்லை. இவர்கள் செய்ததில் ஒன்று இன்னொரு மனுஷியை நசுக்கியது, மற்றொன்று சொல்லப்பட்ட கட்டளையை மீறியது. ஆகவே ஒரு காரியத்தில் இறங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு நான் பொய் சொல்லவேண்டியிருக்கிறதா, யாருடைய உரிமையையாவது மிதிக்கிறேனா, செய்யக்கூடாது என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் செய்கிறேனா? மூன்றுக்கும் இல்லை என்றால், அது முயற்சிதான், தைரியமாகச் செய்யலாம். லஞ்சம் கொடுத்து வாங்கிய வேலைக்குச் சபையில் சாட்சி சொல்பவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

யாரிடம் சொல்வது, யாருக்குச் செவிகொடுக்காதிருப்பது

தனியாகக் காத்திருக்காதீர்கள். அதே சமயம், வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் எல்லாவற்றையும் போட்டுவிடவும் வேண்டாம். மகளின் மருத்துவ அறிக்கையும் தம்பியின் குடிப்பழக்கமும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர் முழுவதும் சுற்றிவந்த பிறகு திரும்ப அள்ள முடியாது. இரண்டு அல்லது மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். கேட்டதை வெளியே சொல்லாதவர்கள், உடனே அறிவுரை சொல்லாதவர்கள், தாங்களும் எதற்காவது காத்திருந்து பழகியவர்கள் என்றால் நல்லது. யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். நோயாக இருந்தால், சபையின் மூப்பரை வரவழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி கேட்பதற்கு யாக்கோபின் நிருபம் வழிசெய்திருக்கிறது. வெட்கப்படாமல் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள்.

தேதி சொல்பவர்களைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். எரேமியா எழுபது ஆண்டு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று கர்த்தருடைய நாமத்தில் அறிவித்தார். எரேமியா முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொன்னார். நல்ல செய்தி பொய்யாக வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. ஆனால் அது பொய்யாகவே இருந்தது. "மூன்று மாதத்துக்குள் உன் கையில் குழந்தை இருக்கும்", "இந்தக் காணிக்கையை விதைத்தால் பதில் உடனே வரும்" என்று சொல்பவர்கள் அனனியாவின் வரிசையில் நிற்பவர்கள். பதிலுக்கு விலை வைத்துப் பேசுபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு பெரிய மேடையில் நின்றாலும் சரி.

பொருத்தனை, அதாவது கடவுளுக்கு நேர்ந்துகொள்வது, பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பிள்ளைக்காக ஜெபித்த அன்னாள் பொருத்தனை செய்தார், செலுத்தியும் முடித்தார். ஆனால் நேர்ந்துகொண்டு செலுத்தாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி சொல்வதைப் புதியவர்கள் முதலில் மனதில் வைப்பது நல்லது. பதற்றத்தில் இருக்கும்போதும், வீட்டிலுள்ளவர்களைக் கலக்காமலும் எதையும் நேர்ந்துகொள்ளவேண்டாம். உபவாசம் நல்ல வழக்கம். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், வேளாவேளைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கக்கூடாது. தானியேல் மூன்று வாரம் ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் மட்டும் தவிர்த்தார். அதுபோல ஒன்றை விட்டுவிட்டு இருக்கலாம்.

பதிலை எப்படி அறிந்துகொள்வது

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்த வசனமும், வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து எடுத்த சீட்டும் உற்சாகம் தரலாம். யாரை மணப்பது, எந்த ஊருக்குப் போவது என்பதை அவற்றைக் கொண்டு முடிவுசெய்யாதீர்கள். பதில் பெரும்பாலும் சாதாரணமாகவே வருகிறது: ஒரு கடிதம், மூடப்பட்ட ஒரு வாய்ப்பு, நம்மை நன்றாக அறிந்த இருவர் தனித்தனியாகச் சொல்லும் ஒரே கருத்து, நாளடைவில் நமக்குள்ளேயே மாறிப்போன ஒரு விருப்பம். மேலும், முடிவை எடுத்துவிட்டு ஜெபிக்கிறோமா என்று சோதித்துக்கொள்ளவேண்டும். எகிப்துக்குப் போகலாமா என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும்படி, எருசலேம் விழுந்தபின் தேசத்தில் மீந்திருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்தார்கள். அவரோ பத்து நாள் காத்திருந்து, போகவேண்டாம் என்ற பதிலைக் கொண்டுவந்தார். ஆனால் அவர்கள் கேட்பதற்கு முன்பே எகிப்துக்குப் போகும் வழியில் வந்து தங்கியிருந்தார்கள். பதில் பிடிக்கவில்லை, நீ பொய் சொல்லுகிறாய் என்று எரேமியாவைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள்.

எதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சோர்ந்துபோகாமல் கேட்கவேண்டும் என்பதற்காகவே நியாயாதிபதியிடம் விடாமல் முறையிட்ட விதவையின் உவமையை இயேசு சொன்னார். ஆனால் பவுல், தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டு, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார். தாவீது தன் குழந்தைக்காக ஏழு நாள் உபவாசித்துத் தரையில் கிடந்தார். குழந்தை இறந்தது என்று அறிந்ததும் எழுந்து, குளித்து, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். காரியம் தானாகவே முடிந்துபோனால், அந்த வேண்டுதலைக் குறிப்பேட்டில் தேதியோடு முடித்துவைக்கலாம். பவுலைப்போலத் தெளிவு வந்தாலும் நிறுத்தலாம். ஒருவருடைய மனந்திரும்புதலுக்காகச் செய்யும் ஜெபத்தை, அவர் உயிரோடு இருக்கும்வரை நிறுத்த எனக்குக் காரணம் தெரியவில்லை.

மறுக்கப்பட்டால்

"உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று யாராவது சொல்வார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து இரண்டாம் வசனத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொன்றான். அதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து அதிசயமாக விடுவிக்கப்பட்டார். அதே சபை, அதே நாட்கள். யாக்கோபுக்காக அவர்கள் ஜெபிக்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்க இடமில்லை. பேதுருவுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசமும் அப்படியொன்றும் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. பேதுரு வாசலில் நிற்கிறார் என்று ரோதை என்ற வேலைக்காரப் பெண் ஓடிவந்து சொன்னபோது, "நீ பிதற்றுகிறாய்" என்றுதான் சொன்னார்கள். ஒருவர் பிழைத்ததையும் மற்றவர் கொல்லப்பட்டதையும் ஜெபித்தவர்களின் விசுவாச அளவைக் கொண்டு விளக்க அந்த அதிகாரம் இடம் கொடுப்பதில்லை, வேறு காரணமும் சொல்வதில்லை. நாமும் காரணம் கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து காயமடைந்தார். ஜெபமே மூச்சாக இருந்த அந்த ஐக்கியத்தில் அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமல் போனதில்லை. ஆனாலும் 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே எழுதினார், அங்கிருந்தே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். இதற்காகத்தான் அந்த விபத்து நடந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். சுகம் கிடைக்காமலும் அவர் கர்த்தரோடு நடந்தார் என்பதைச் சொல்லலாம்.

மறுப்பு வந்த நாள்களில் துக்கப்படுங்கள். அழுவது பாவமல்ல, லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார். தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, செத்தால் போதும் என்ற எண்ணம் ஆகியவை வந்தால், ஜெபத்தைக் கூட்டுவது மட்டும் போதாது. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. தூங்கவிட்டு, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். உடனே வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பதில் வந்தபின்

குறிப்பேட்டில் அன்றைய தேதியை எழுதுங்கள். முதலில் கேட்டது எது, வந்தது எது என்று அந்த மூன்று வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு, உங்களோடு ஜெபித்த அந்த இரண்டு மூன்று பேருக்கு, மற்ற எவருக்கும் முன்பாகச் சொல்லுங்கள். இது பலரும் மறந்துவிடும் காரியம். சபையில் சாட்சி சொல்ல விரும்பினால், காத்திருந்த காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எத்தனை மாதம், நடுவில் எப்போது ஜெபிப்பதையே விட்டுவிட்டீர்கள், எந்த மருத்துவர் உதவினார், கேட்டதில் எது கிடைக்கவில்லை. ஆராதனை முடிந்ததும், இன்னும் காத்திருப்பவர் எவரென்று உங்களுக்குத் தெரிந்தால், அவர் அருகில் போய் உட்கார்ந்து, அவருடைய வேண்டுதல் என்ன என்று கேட்டு, உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.